செவ்வாய், வியாழன், ஞாயிறு: ஒரு போதகர் வாத்தியாரின் வருகைப் பதிவேடு

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் ஒரு பயிற்சிக்காக, பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளை ஒருவரைப் பற்றி ஆளுக்கொரு நிகழ்வு ஆய்வு எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு பையனையோ பெண்ணையோ எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு தலைமையாசிரியரை. வராத பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தவர்களிலேயே அதிகம் யோசித்தவர் அவர்தான்.

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையில் உள்ள ஒரு மீனவக் குடியிருப்பில், உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் 1968-இல் ஆசிரியராகச் சேர்ந்தார். 1983-இல் தலைமையாசிரியர். இடையில் இறையியல் படித்து, சிஎஸ்ஐ என்னும் தென்னிந்தியத் திருச்சபையில் கௌரவ குருவானவராக அபிஷேகம் பெற்றார். சம்பளம் பள்ளிக்கூடத்தில், ஊழியம் ஞாயிற்றுக்கிழமையில். 2005-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் 2019-இல் சாகும் வரைக்கும் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் இருந்துகொண்டே இருந்தார்கள். பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் ஊரில் எல்லோரும் கூப்பிட்டபடி 'சார்' என்றே எழுதுகிறேன். சபையார் ஐயர் என்பார்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் ஐயா என்பார்கள். ஆனால் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களிலிருந்து படகு ஓட்டுபவர்கள் வரை மற்ற எல்லோருக்கும் சார்தான். நானும் 1991 முதல் மூன்று வருடம் அவரிடம் படித்தவன். ஆகவே இது நடுநிலையான ஆய்வு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவருடைய பின்னணியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன், பாம்பனில் வேலை. மகன் ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தார். 1964 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியவர் மண்டபத்தோடு நின்றுவிட்டார். 22-ஆம் தேதி இரவுப் புயலில் தனுஷ்கோடி போன ரயிலும் போயிற்று, பாம்பன் பாலத்தின் கர்டர்களும் கடலுக்குள் போயின. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நான்கு நாள் இருந்ததாகச் சொல்வார். அப்பா இருந்தார். 46 நாளில் பாலத்தைச் சரிசெய்த கூட்டத்தில் அவரும் ஒருவர்.

ஸ்வார்ட்ஸ் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. 1750-இல் தமிழ்நாட்டுக்கு வந்த ஜெர்மன் போதகர் ஸ்வார்ட்ஸ் ஐயர், 1780களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊர்களிலும் பள்ளிகள் தொடங்கினார். போதகரே வாத்தியாராகவும் இருக்கும் வழக்கம் இந்தச் சீமையில் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. 1940களில் அந்தப் பள்ளியில் அப்துல் கலாமுக்குப் பாடம் நடத்திய ஐயாத்துரை சாலமன் பின்னாளில் போதகரானவர். ஆசை, நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் புரிந்துகொண்டால் நினைத்ததை அடையலாம் என்று அவர் சொல்லித் தந்ததைக் கலாம் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். எங்கள் சாரைப் பற்றிப் பேச வருகிறவர்களும் அந்த வரிசையில்தான் அவரை நிறுத்துகிறார்கள்: ஊக்கம் கொடுத்தார், நம்பிக்கை ஊட்டினார் என்று. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சார் அவ்வளவு ஊக்கம் கொடுக்கிற ஆளும் இல்லை. பேச்சு குறைவு, பிரசங்கம் சுமார். அவர் வேறு ஒன்று செய்தார், அதை எழுதத்தான் இந்த ஆய்வு.

பெயர் அடித்த கதை

ஆரம்ப வருடங்களில் சார் கறாரான வாத்தியார். ஒன்பதேகாலுக்கு வெளிக்கதவைச் சாத்திவிடுவார். தாமதமாக வந்தவன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். தொடர்ந்து வராதவன் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்துவிடுவார். 1974-இல் அப்படி ஒரு ஏழாம் வகுப்புப் பையனின் பெயர் போயிற்று. அவன் விசைப்படகில் ஏறினான், பிறகு ஓட்டுநரானான். அவர்தான் 1990 ஜூனில் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அலுவலக அறை வாசலில் நின்றபடியே சொன்னார்:

"சார், எம்பேர அடிச்ச மாதிரி இவம்பேர அடிச்சிராதீங்க."

கோபமாகச் சொல்லவில்லையாம். சார் இதைச் சொல்லும்போதெல்லாம் "அவர் கோபமாச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்" என்று சேர்த்துக்கொள்வார்.

அந்த மகன் அடுத்த வருடம் என் வகுப்பில் எனக்குப் பக்கத்து ஆள். அவனும் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். சார் இந்த முறை சிவப்பு மையை எடுக்கவில்லை. நீள நோட்டு ஒன்றை எடுத்தார். பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் வராத குறிகளை அதில் கிழமைவாரியாக மறுபடி எழுதினார். ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பையன்களின் குறிகள் செவ்வாயிலும் வியாழனிலும் குவிந்து கிடந்தன. ஏன் அந்த இரண்டு நாள் என்பது மட்டும் பிடிபடவில்லை. சந்தை நாளும் இல்லை, விரத நாளும் இல்லை.

விடை கிடைத்தது கோயிலில். ஞாயிறு காலை ஆராதனைக்கு அதே வயதுப் பையன்கள் வருவதில்லை என்று சபையில் ஒரு பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார். செவ்வாய், வியாழன், ஞாயிறு. மூன்றாவது நாள் சேர்ந்ததும் சாருக்குப் பொறி தட்டியது. பாக் நீரிணையில் விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் 1970களில் நடந்த சண்டைகளுக்குப் பிறகு ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. ராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு விசைப்படகுகள் கிளம்பும். மறுநாள் விடியலில் கரைக்கு வரும். அந்த விடியலில் இறால் பிரிக்க, ஐஸ் உடைக்க, கூடை தூக்கச் சின்னக் கைகள் வேண்டும். கூலியாகச் சில ரூபாய், கூடவே குழம்புக்கு மீன். பையன்கள் கடலுக்கே போகவில்லை. துறைமுகத்துக்குப் போய்விட்டு எட்டரை, ஒன்பது மணிக்கு ஊர் திரும்புகிறார்கள். திரும்பியும் பள்ளிக்கு வருவதில்லை.

வாத்தியாராக மட்டும் இருந்திருந்தால் அவருக்கு இரண்டு நாள்தான் தெரிந்திருக்கும், போதகராக மட்டும் இருந்திருந்தால் ஒரே நாள்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே அவரை நான் இரண்டு பட்டத்தோடும் சேர்த்து நினைக்கிறேன்.

ஆறு சட்டை, ஒரு தொட்டி

ஒன்பது மணிக்கு ஊர் திரும்புகிறவன் ஏன் ஒன்பதரைக்கு வகுப்புக்கு வரக் கூடாது? கதவு சாத்தியிருக்கும் என்பது ஒரு காரணம். சார் கதவைத் திறந்து வைத்தார், அப்போதும் வரவில்லை. என் பக்கத்து ஆளைக் கேட்டபோது அவன் சொன்னான், நான் அருகில்தான் இருந்தேன்: "கவுச்சி அடிக்குதுன்னு சிரிக்கிறாங்க சார்." சிரித்தவர்களில் நானும் உண்டு. எங்கள் வீட்டில் அப்பா மீன்வளத் துறையில் கடைநிலை ஊழியர். எனக்குத் துவைத்த சட்டை இருந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்குப் பின்னால், தென்னை மரங்களுக்கு நடுவில் ஒரு சிமெண்ட் தொட்டி வந்தது. எங்கள் தீவில் கடலுக்கு மிக அருகிலேயே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு, அப்படி ஓர் ஊற்று அங்கே இருந்தது. தொட்டிச் சுவரில் பாதியாக அறுத்த லைஃப்பாய் சோப்பு. சுவரில் ஆறு ஆணி, ஆணிக்கொரு வெள்ளைச் சட்டை, எல்லாம் பெரிய அளவு. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், சாயங்காலம் அலசிக் காயப்போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் விதி. யார் எடுத்தார்கள் என்று எழுதிவைக்கவில்லை. பெரிய சட்டையில் கை முட்டிக்குக் கீழே தொங்க ஒருவன் உள்ளே வந்தால் அவன் துறைமுகத்திலிருந்து வருகிறான் என்று வகுப்புக்கே தெரியும். ஆனால் நாற்றம் இல்லை, சிரிக்க ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளில் துறைமுகத்துக்குப் போகாத பையன்களே அந்தச் சட்டையை ஆசைக்குப் போட ஆரம்பித்தார்கள். சார் இரண்டு ஆணி கூட அடித்தார்.

செவ்வாயும் வியாழனும் காலை முதல் இரண்டு பாடவேளைகளில் கணக்கும் ஆங்கிலமும் இருந்தன. அவற்றை மதியத்துக்கு மாற்றி, காலையில் ஓவியம், கைத்தொழில், வாசிப்பு என்று போட்டார். ஆய்வுக்கு வந்த ஓர் அலுவலர் இதைக் கண்டுபிடித்து விளக்கம் கேட்டு எழுதினார். சார் அனுப்பிய பதிலின் கார்பன் நகல் நோட்டுக்குள் இருந்தது. முழுப் பக்கத்தில் இரண்டே வரி: மாணவர் இல்லாத நேரத்தில் நடத்தும் கணக்குப் பாடத்தால் பயன் இல்லை என்பதால் மாணவர் இருக்கும் நேரத்துக்கு மாற்றப்பட்டுள்ளது.

பையன்கள் துறைமுகத்தில் வேலை செய்வதைச் சார் நிறுத்தவில்லை என்பதையும் எழுத வேண்டும். இன்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் அது தப்புதான். நான் ஒருமுறை கேட்டேன். "வேலையை நிறுத்தச் சொன்னா பள்ளிக்கூடத்தையும் நிறுத்திருவான். எனக்கு எதைக் கேக்கணும்னு தெரிஞ்சுது" என்றார். இதில் நான் அவரோடு இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை. எனக்கு வேறு பதிலும் கிடைக்கவில்லை.

பெண் பிள்ளைகளின் நாட்காட்டி

கிழமைவாரியாக எழுதியபோது பையன்கள் அகப்பட்டார்கள், பெண் பிள்ளைகள் அகப்படவில்லை. அவர்களுடைய குறிகள் சிதறிக் கிடந்தன. சாரின் மனைவி, ஊரில் ஐயரம்மா, ஒருநாள் நோட்டைப் பார்த்துவிட்டு "இதுல அமாவாசை எங்க இருக்கு?" என்று கேட்டாராம். காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு கறுப்பு வட்டமும் வெள்ளை வட்டமும் போட்டதும் சிதறல் இரண்டு குவியலாயிற்று.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பாறையில் ஒட்டி வளர்கின்றன, மூச்சடக்கி முங்கிக் கையால் பறிக்க வேண்டும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, நீர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு, புடவைக்கு மேல் பழைய சட்டை போட்டுக்கொண்டு விடிவதற்குள் வள்ளம் ஏறிவிடுவார்கள். போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று பின்னாளில் இந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி 2015-இல் இதற்காக, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு வாங்கி வந்தது பலருக்கு நினைவிருக்கும்.

அம்மா கடலுக்குப் போன நாளில் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அக்காதான். அங்கன்வாடி திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். சார் அந்த நாட்களில் போதகர் வீட்டுத் திண்ணையை விடியற்காலையிலேயே திறந்துவிட்டார். ஐயரம்மா கேப்பைக் கூழ் காய்ச்சி வைத்தார். அதோடு பள்ளியில் ஒரு விதி: தம்பி தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வரலாம். கடைசிப் பெஞ்சைத் தூக்கிவிட்டுப் பாய் விரித்தார். நான் ஏழாம் வகுப்பில் படித்த புவியியல் முழுவதும் ஏதாவது ஒரு குழந்தையின் அழுகையோடுதான் நினைவில் இருக்கிறது.

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. காணிக்கைப் பணத்தில் மற்றவர்கள் பிள்ளைக்குச் சோப்பும் கூழுமா? சபை சிறியது, முப்பது குடும்பம்கூட இல்லை. திண்ணையில் இருந்த பிள்ளைகளோ கத்தோலிக்கர், இந்துக்கள், சில மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள். மறுபக்கத்தில், மதம் மாற்றத்தான் கூழ் ஊற்றுகிறார் என்று வேறு சிலர் பேசினார்கள். சார் இரண்டு தரப்புக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: திண்ணையில் ஜெபம் இல்லை, பாட்டு இல்லை, படம்கூட இல்லை, வந்து பாருங்கள். தங்கச்சிமடத்துப் பங்குத்தந்தை ஒருவர் வந்து பார்த்துவிட்டு மாதம் ஒரு மூட்டை கேப்பை அனுப்ப ஆரம்பித்தார். முணுமுணுப்பு நின்றதா என்றால் இல்லை, குறைந்தது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் சாரின் வெற்றி பாதிதான். எட்டாம் வகுப்பு வரை வந்தார்கள். வயசுக்கு வந்த பிறகு பலர் நின்றார்கள், சிலர் அம்மாவோடு வள்ளம் ஏறினார்கள். உயர்நிலைப் பள்ளி பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் இருந்தது. அந்தத் தூரத்தை அவரால் எந்த நோட்டிலும் எழுதிச் சரிசெய்ய முடியவில்லை. என் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பெண் இன்று பாசிக்குத்தான் போகிறார். அவரிடம் சாரைப் பற்றிப் பேசக் கேட்டபோது "நல்லவரு" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஜூன் மாதம்

2001-இல் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம், நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இரண்டே வருடத்தில் சாரின் நோட்டில் புதுக் கோடு ஒன்று தெரிந்தது. படிப்பை நிறுத்துகிற பையன்கள் மார்ச்சில் தேர்வுக்குப் பயந்து நிற்கவில்லை, ஜூனில் நின்றார்கள். தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் இல்லை. மே மாதத்தில் படகுக்காரர் அட்வான்ஸ் கொடுப்பார். அப்பா கை நீட்டி வாங்கியதை அடைக்க இரண்டு பேராகப் போக வேண்டும். மே 30-இல் படகு கிளம்பும், ஜூன் முதல் வாரத்தில் பள்ளி திறக்கும்.

அப்போது பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது. மாணவர்கள் எட்டணா, ஒரு ரூபாய் என்று போடுவது. சார் அதை அம்மாக்களுக்கான ஜூன் சீட்டாக மாற்றினார். மீன் நன்றாகப் படும் மாதங்களில் வாரம் பத்து ரூபாய், இருபது ரூபாய், அதை அஞ்சலகத்தில் போட்டுவைத்து மே முதல் வாரத்தில் எடுத்துக் கொடுப்பது. தொகை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அட்வான்ஸ் வாங்குகிற பேச்சைப் பத்து நாள் தள்ளிப்போட அது போதும், அந்தப் பத்து நாளில் சார் அப்பாவைப் போய்ப் பார்த்துவிடுவார். பார்த்துச் சொல்வது ஒன்றுதான்: "வாங்கு. மகன் கணக்குல வாங்காத."

2017-இல் தடைக்காலம் 61 நாளானது, ஜூன் 14 வரை. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியும் சார் நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை எங்கள் துறையில் எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. முன்பு படகு முதலில் கிளம்பியது, பள்ளி பிறகு திறந்தது, போனவன் போனது உடனே தெரிந்தது. இப்போது பள்ளி முதலில் திறக்கிறது. பையன் வந்து சேர்கிறான், புத்தகம் வாங்குகிறான், எண்ணிக்கையில் ஏறிவிடுகிறான். ஜூன் 15-இல் படகு ஏறுகிறான். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு பெயரை அடிக்கவும் முடியாது, அடிக்கவும் கூடாது. "பேரு பதிவேட்டுல இருக்கும், ஆளு படகுல இருப்பான்" என்றார் சார். இப்போது தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். தொகை கையில் கிடைப்பது மே தொடக்கமா ஜூன் கடைசியா என்பதில்தான் ஒரு பையனின் ஒன்பதாம் வகுப்பு இருக்கிறது என்று அவர் எழுதிவைத்த குறிப்பு கடைசி நோட்டில் இருக்கிறது.

நோட்டு

எல்லாம் சேர்ந்து பதினான்கு நீள நோட்டுகள். அவர் இறந்து ஒரு மாதம் கழித்து ஐயரம்மா என்னிடம் கொடுத்தார். கிழமைக்கு எதிரே விசைப்படகு நாளென்றால் 'வி', நாட்டுப்படகு நாளென்றால் 'நா'. வட்டங்கள். கச்சான், வாடை என்று காற்று. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாட்களுக்கு ஒரு சின்ன முக்கோணம், அதற்கு நேரே பெரும்பாலும் 'முழு வருகை'. கடல் மூடினால் பள்ளி நிறையும். சிறையில் இருக்கும் அப்பாக்களின் பட்டியலும் உண்டு, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போன தேதியும் திரும்பிய தேதியும். சில பெயர்களுக்கு எதிரே திரும்பிய தேதி இல்லை.

இந்த முறையின் பெரிய குறை, அது அந்த நோட்டோடும் அந்த மனிதரோடும் நின்றுபோனது. அவருக்குப் பின் வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் தொட்டியை இடித்துக் கழிப்பறை கட்டினார், கழிப்பறையும் தேவைதான். பாடவேளை பழையபடி ஆனது. சார் யாருக்கும் சொல்லித் தரவில்லை என்பதும் உண்மை. கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னார், கேட்டவர்கள் குறைவு. இப்போது வருகையைச் செல்போன் செயலியில் பதிகிறோம். வந்தான், வரவில்லை, இரண்டே பொத்தான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இருப்பதால் கூழின் வேலையில் ஒரு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நல்லது. ஐந்தரை மணிக்கும் எட்டரை மணிக்கும் நடுவில் குழந்தை யாரிடம் இருக்கும் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த ஆய்வுக்காக நான் பார்வையிடும் ஒரு பள்ளியில், பாசி வீட்டுப் பிள்ளைகள் அதிகம் உள்ள ஏழாம் வகுப்பில், ஆவணி பௌர்ணமிக்கு முந்தின நாளே ஒரு தாளில் ஏழு பெண் பிள்ளைகளின் பெயரை எழுதி மடித்து வகுப்பாசிரியையிடம் கொடுத்தேன், நாளைக்கு இவர்கள் வரமாட்டார்கள் என்று. மறுநாள் பத்து மணிக்கு அவர் போன் செய்தார்.

"ஆறு பேர் வரல சார். ஏழாவது பொண்ணு தம்பியத் தூக்கிட்டு வாசல்ல நிக்குது. உள்ள விடட்டுமா?"